சுல்தான் கான்: கடைசியிலிருந்து ஜெயித்தவர்

நாகமலை புதுக்கோட்டை பஸ்ல மொபைலில் செஸ் ஆடுறவரா நீங்க? ஓப்பனிங்கை மனப்பாடம் பண்ணியும் முன்னேற்றமே இல்லையா? அப்போ மீர் சுல்தான் கானைத் தெரிஞ்சுக்கோங்க.

பஞ்சாப்காரர். அப்பாவிடம் கற்றது நம்ம நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்வில்கூட ஒரு கட்டம்தான் போகும். 1929-ல், உமர் ஹயாத் கான் என்ற ஜமீன்தார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஓப்பனிங்கில் அவர் பலவீனம். ஆனாலும் அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933-லும் அவரேதான். நடுவில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையும் தோற்கடித்தார். பொறுமையும் எண்ட்கேமும்தான் அவர் பலம்.

1933-ல் ஜமீன்தாரோடு ஊர் திரும்பினார். சர்வதேசப் போட்டிகள் அதோடு முடிஞ்சது. 1966-ல் மறைந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024-ல்தான்.

நீங்க அவ்வளவு காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே இரண்டு ராஜா, ஒரு சிப்பாய் மட்டும் போர்டில் வைத்து, அந்தச் சிப்பாயை ராணியாக்கிப் பழகுங்க.