பன்றிகள் மேய்ந்த நிலத்தில் ஒரு பளிங்கு மண்டபம்

அமெரிக்காவின் பேஸ்பால் அரங்கங்களுள் மிக அழகியது எது என்று அந்நாட்டின் மூத்த ரசிகர்களிடம் கேட்டால், இன்று இல்லாத ஓர் அரங்கத்தின் பெயரைச் சொல்பவர்கள் பலர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1913-இல் திறக்கப்பட்டு, 1957-இல் கடைசி ஆட்டத்தைக் கண்ட எபெட்ஸ் ஃபீல்ட்தான் அது. அதை எழுப்பிய சார்லஸ் எபெட்ஸ் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. கைப்பிடிப்பு மிக்கவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர், தம் வாழ்நாள் உழைப்பில் சேர்த்த சொத்தில் சரிபாதியை அந்த அரங்கத்துக்காக விட்டுக் கொடுத்தார். அவரும் அவர் வழிவந்தோரும் அதற்குக் கொடுத்த விலை இன்னும் பெரிது.

எபெட்ஸ் 1859-இல் நியூயார்க்கில் பிறந்தார். இளமையில் கட்டடக் கலைஞர்களிடம் வரைவாளராகப் பணியாற்றினார். மலிவுப் பதிப்பு நூல்களையும் விற்றார். 1883-இல், தமது 23-ஆம் வயதில், அப்போதுதான் தொடங்கப்பட்ட புரூக்ளின் பேஸ்பால் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். நுழைவுச்சீட்டு விற்பது, கணக்கு எழுதுவது, ஆட்ட விவர அட்டைகளை ரசிகர்களிடம் கூவி விற்பது என எல்லாம் அவர் தலையில் விழுந்தன. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குழுவின் பங்குகளைச் சிறிது சிறிதாக வாங்கினார். 1898-இல் குழுவின் தலைவர் காலமானபோது, சீட்டு விற்றவரே தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்.

நாற்காலி கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. குழுவின் பெரும்பங்கு பால்டிமோர் நகரத்துப் பங்குதாரர்களிடம் போயிற்று. அவர்களுள் ஒருவரான நெட் ஹான்லன், குழுவையே பால்டிமோருக்குக் கொண்டு செல்ல விரும்பினார். எபெட்ஸிடம் பணம் இல்லை. அறைகலன் வணிகரான நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி, விற்க முன்வந்த பங்குகளைத் தம் வசப்படுத்தி, குழுவைப் புரூக்ளினிலேயே நிறுத்தினார். இந்த நிகழ்வை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்று அக்குழு ஆடிய வாஷிங்டன் பார்க், மரத்தாலான இருக்கைகளைக் கொண்ட பழைய பாணி மைதானம். அருகில் ஓடிய கோவானஸ் கால்வாயின் நாற்றமும் தொழிற்சாலைப் புகையும் ரசிகர்களுக்கு இலவச இணைப்பு. எதிரே இருந்த அடுக்குமாடி வீடுகளில் நின்று காசில்லாமல் ஆட்டம் பார்ப்பவர்கள் வேறு. 1909-இல் பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்கிலும் எஃகும் கான்கிரீட்டும் கொண்ட அரங்கங்கள் எழுந்தன. 1911-இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கத்து மரக்கட்டுமானம் தீக்கிரையானது. மரத்தின் காலம் முடிந்துவிட்டது என்பதை எபெட்ஸ் முன்பே உணர்ந்திருந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் பிக்டவுன். பெயரே சொல்வதுபோல, குப்பை கொட்டும் பள்ளமும் அதில் பன்றிகள் இரை தேடுவதுமாக இருந்த இடம். ஆனால், அதைச் சுற்றி டிராம் பாதைகள் வலைபோலப் பின்னியிருந்தன. புரூக்ளின் மக்கள் டிராம் வண்டிகளுக்கு நடுவே தப்பித்து நடப்பவர்கள் என்ற கிண்டலிலிருந்துதான் குழுவுக்கு டாட்ஜர்ஸ் என்ற பெயரே வந்தது. பள்ளத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்ததில் எபெட்ஸின் கணக்குத் தெரிகிறது.

நிலமோ பலருக்குச் சொந்தமான சிறு சிறு துண்டுகளாகக் கிடந்தது. அரங்கம் வரப்போகிறது என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் விலையை ஏற்றுவார்கள். கடைசித் துண்டை வைத்திருப்பவர் கேட்டதே விலை. பொருளியல் வகுப்பில் இச்சிக்கலைப் பாடமாக நடத்துவது எளிது. கைப்பணத்தோடு எதிர்கொள்வது கடினம். எபெட்ஸ் ஒரு பெயரளவு நிறுவனத்தை உருவாக்கி, அதன் மறைவில் 1908 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் துண்டு துண்டாக வாங்கினார். கடைசித் துண்டின் உரிமையாளரைக் கலிபோர்னியா, பெர்லின், பாரிஸ் என்று தேடி அலைந்து, இறுதியில் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் கண்டுபிடித்ததாகவும், விவரம் அறியாத அவர் 500 டாலருக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை சற்றே மெருகேறியிருக்கலாம். இரகசியம் காக்கப்பட்டது உண்மை.

1912 மார்ச்சில் பணி தொடங்கியது. செலவு 7,50,000 டாலர் என்பார்கள். பாதியிலேயே கை வறண்டது. ஸ்டீவ், எட் என்ற மெக்கீவர் சகோதரர்கள் புரூக்ளினின் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்குக் குழுவின் சரிபாதியை விற்று எபெட்ஸ் வேலையை முடித்தார். இருபுறமும் சமபங்கு, தலைமை மட்டும் அவரிடம். செலவைச் சுருக்கியிருந்தால் இந்த விற்பனை தேவைப்பட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுருக்க அவர் மனம் ஒப்பவில்லை. கட்டடக் கலைஞர் வான் பஸ்கர்க் வடிவமைத்த முகப்பில் 80 அடி விட்டமுள்ள வட்ட மண்டபம் அமைந்தது. இத்தாலியப் பளிங்குத் தரையில் பேஸ்பால் பந்தின் தையல் வடிவம் பதிக்கப்பட்டது. மேலே தொங்கிய சரவிளக்கின் பன்னிரண்டு கைகளும் பேஸ்பால் மட்டைகள், விளக்குகள் பந்துகள். பொன்முலாம் பூசிய சீட்டுச் சாளரங்கள் சுற்றிலும் நின்றன. சீட்டு விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர், சீட்டு வாங்க வருபவனுக்காகக் கட்டிய மண்டபம் அது. துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் ஓர் ஓபரா அரங்கத்துக்குள் நுழைவதுபோல ஆட்டம் பார்க்க வந்தார்கள்.

பெரிய கனவுகளில் சின்ன மறதிகள் இருப்பது இயல்பே. 1913 ஏப்ரல் 5 அன்று திறப்பு விழாவில், திறந்தவெளி இருக்கைகளுக்கான கதவின் சாவியைக் காணவில்லை. கொடிக்கம்பத்துக்குக் கொடி இல்லை. பத்திரிகையாளர்களுக்கு மாடம் கட்ட மறந்துபோயிருந்தது. எல்லாச் சாளரங்களும் ஒரே மண்டபத்தில் இருந்ததால் கூட்டம் நெரிந்தது. ஆயினும், அன்று யாங்கீஸ் குழுவுடனான நட்பு ஆட்டத்தில் புரூக்ளின் வென்றது.

ரசிகர்கள் காலப்போக்கில் நேசித்தது பளிங்கை மட்டுமன்று. பேஸ்பாலில் உள்ளாடுகளத்தின் அளவுகள் விதிப்படி நிலையானவை. வெளியாடுகளத்தின் எல்லை அந்தந்த மைதானத்தின் விருப்பம். எபெட்ஸ் வாங்கிய நிலம் பெட்ஃபோர்ட் சாலையோடு முடிந்ததால், வலப்பக்கச் சுவர் 300 அடி அளவிலேயே நின்றது. அந்தச் சுவரோ நடுவில் வளைந்து கீழ்ப்பகுதி சாய்ந்திருந்தது. பிற்காலத்தில் கம்பி வலையும் பெரிய மதிப்பெண் பலகையும் சேர்ந்தன. அதில் பட்ட பந்து எத்திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கார்ல் ஃபுரில்லோ என்ற ஆட்டக்காரர் அச்சுவரின் குணத்தைக் கற்றே புகழ் பெற்றார். மதிப்பெண் பலகையின் அடியில் ஏப் ஸ்டார்க் என்ற ஆடை வணிகரின் விளம்பரம்: அதன்மீது பந்தை அடித்தால் ஓர் உடை இலவசம். முன்னால் நின்ற தடுப்பாளர் பந்தை மறித்துவிடுவதால் உடை பெற்றவர் மிகச் சிலரே. ஸ்டார்க் பின்னாளில் புரூக்ளின் பகுதித் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இருக்கைகள் களத்துக்கு அருகே நெருங்கி அமைந்ததால், ஆட்டக்காரரின் முகச்சுளிப்பு தெரிந்தது. ரசிகரின் வசவு அவர் காதில் விழுந்தது. மாட்டு மணியை ஆட்டி ஆர்ப்பரித்த ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி, ஆட்டக்காரர்களைப் போலவே அறியப்பட்டார். நிலம் போதாமையால் நேர்ந்த குறைகள் எல்லாம் அந்த அரங்கத்தின் முகலட்சணம் ஆயின. 1992-இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் அரங்கமும் அதற்குப் பின் எழுந்த பலவும் இந்தக் கோணல்களைத் திட்டமிட்டே கொண்டுவந்தன. அதற்கான செலவில் பெரும்பங்கு பொதுப்பணம். எபெட்ஸ் தம் கைப்பணத்தை இட்டார்.

அவர் தலைமையில் குழு 1916-இலும் 1920-இலும் தேசிய லீக் வாகையரானது. உலகத் தொடரை வெல்லவில்லை. 1925 ஏப்ரல் 18 அன்று இதய நோயால் காலமானார். அன்று பிற்பகல் எபெட்ஸ் ஃபீல்டில் ஜயண்ட்ஸ் குழுவுடனான ஆட்டம் நிறுத்தப்படவில்லை. அவரே அதை விரும்பியிருக்கமாட்டார் என்று பங்காளிகள் கருதினர். குளிர் மிகுந்த நாளில் கிரீன்வுட் இடுகாட்டில் நடந்த அடக்கத்தில் நின்ற எட் மெக்கீவர் நோயுற்று, அம்மாத இறுதிக்குள் அவரும் மறைந்தார்.

அப்போதுதான் சமபங்கு ஏற்பாட்டின் குறை வெளிப்பட்டது. எபெட்ஸின் வாரிசுகள் ஒருபுறம், மெக்கீவர் குடும்பம் மறுபுறம். எவருக்கும் பெரும்பான்மை இல்லை; எந்த முடிவும் எளிதாக எடுக்க முடியவில்லை. கடன் ஏறியது; 1930-களில் புரூக்ளின் டிரஸ்ட் வங்கியின் சொல்லே குழுவில் எடுபட்டது. அவ்வங்கி குழுவின் சட்ட விவகாரங்களைக் கவனிக்க அனுப்பிய வழக்கறிஞர் வால்டர் ஓ'மாலி. அவர் பங்குகளை வாங்கத் தொடங்கி, 1950-இல் குழுவைத் தம் கைக்குள் கொண்டுவந்தார்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அக்களத்தில் இறங்கி, நவீன பேஸ்பாலின் நிறத்தடையைத் தகர்த்தார். அடுத்த பத்தாண்டுகளில் ரசிகர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து கார் வாங்கினார்கள். டிராம் பாதைகளை நம்பி எழுந்த அரங்கத்தில் கார் நிறுத்த இடமில்லை. புரூக்ளினிலேயே புதிய அரங்கம் கட்ட ஓ'மாலி கேட்ட நிலத்தை, நகர நிர்மாணத்தில் சர்வ அதிகாரம் பெற்றிருந்த ராபர்ட் மோசஸ் தர மறுத்து, குவீன்ஸ் பகுதியில் வேறிடம் காட்டினார். 1958-இல் குழு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போயிற்று. ஹான்லனிடமிருந்து எபெட்ஸ் கடன்பட்டுக் காத்த குழு, அவர் செய்த பங்குப் பிரிவின் வழியே உள்ளே வந்தவரின் கையால் ஊர்விட்டுப் போனது.

1960-இல் அரங்கத்தை இடித்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்துபோல வண்ணம் தீட்டியிருந்தார்கள். அவ்விடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. மோசஸ் காட்டிய குவீன்ஸ் வட்டாரத்தில், 2009-இல் மெட்ஸ் குழுவுக்காகப் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. புரூக்ளினில் வளர்ந்த அதன் உரிமையாளர், எபெட்ஸின் வட்ட மண்டபத்தைப் பின்பற்றியே முகப்பை அமைத்தார். அம்மண்டபத்துக்கு ஜாக்கி ராபின்சனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.