கடுகு தேடிய தாயும் கவிமணியும்

நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27 ஆம் நாள் தோன்றியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. ஒன்பதாம் அகவையில் தந்தை சிவதாணுப் பிள்ளையை இழந்தார். சாவு அவருக்கு ஏட்டுக்கு முன்பே வீட்டில் அறிமுகமாயிற்று.

சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் பயின்ற அவர், கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராய்ப் பணிபுரிந்து 1931 இல் ஓய்வு பெற்றார். குழந்தைகளுக்குப் பசுவையும் கன்றையும் பாடிக் கொடுத்த அதே எளிய தமிழில், பெரியவர்க்குச் சாவைப் பற்றியும் கற்பித்தார்.

அந்நாளில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி நிலவியது. காரணவர் கண்மூடினால் சொத்து மருமகனைச் சேரும். பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்னும் சிறு பகுதியே எஞ்சும். எனவே அங்கு ஒருவர் சாவு, அவர் மனைவி மக்களின் வாழ்வையும் உடன் குலைத்தது. இக்கொடுமையைக் குடும்பப் பெண்ணொருத்தியின் வாய்மொழியாக, நகைச்சுவையும் கண்ணீரும் கலந்து, அவர் மருமக்கள்வழி மான்மியமாக்கினார். 1917-18 ஆம் ஆண்டுகளில் தமிழன் இதழில் அது தொடர்ந்து வெளிவந்தது. சீர்திருத்தம் வேண்டியோர்க்கு அந்நூல் பெருந்துணையாயிற்று. 1926 இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி மக்களின் உரிமையை ஏற்றது.

சட்டத்தால் தீராத துயரையும் அவர் அறிந்திருந்தார். எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி 1941 இல் வெளிவந்த ஆசிய ஜோதியில், பாம்பு தீண்டிய மகனை மார்போடணைத்துப் புத்தரிடம் ஓடிவருகிறாள் ஒரு தாய். சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கி வருமாறு புத்தர் பணிக்கிறார். கடுகு இல்லாத வீடில்லை; சாவு அறியாத வீடும் இல்லை. வீடுதோறும் பிறர் துயரைக் கேட்டுக் கேட்டே அவள் தன் துயரின் அளவை உணர்கிறாள். வடநாட்டுக் கதைதான், கவிமணியின் தமிழில் அத்தாய் நம் தெருவில் நடக்கிறாள்.

1945 இல் வெளிவந்த உமர்கய்யாம் பாடல்களில் அதே நிலையாமை வேறு முகம் காட்டியது. வாழ்வு சிறிதாதலால் இன்றைய பொழுதை இழவாதே என்பது அதன் உட்பொருள். ஒரே மெய்ம்மையிலிருந்து நீதியும் அருளும் மகிழ்வும் பிறக்கும் என்பதை இம்மூன்று நூல்களும் காட்டின.

1940 இல் கவிமணிப் பட்டம் பெற்ற பின்னும், மனைவி உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் எளிய வாழ்வே வாழ்ந்தார். 1954 செப்டம்பர் 26 ஆம் நாள் மறைந்தார். இறந்தவருக்காக அழுவதோடு, இருப்பவரின் வாழ்வுக்கும் வழி காண்பதே கவிஞன் கடமை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாய் நிற்கிறது.