மனத்தில் பிறந்த பொறி

கணிதப் பேரறிஞர் ஆலன் டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய அன்னையார் பிறந்த ஊர் கோவையை அடுத்த போத்தனூர் ஆகும்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற டூரிங், 1936ஆம் ஆண்டில் ஒரு பொறியை மனத்திலேயே படைத்தார். எந்தப் பொறியின் செயல்முறையை எழுதிக் கொடுத்தாலும், அதனைப் படித்து, அப்பொறியின் வேலையைத் தானே செய்ய வல்லது அது. அந்நாளில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் அலான்சோ சர்ச் என்னும் அறிஞர், கணக்குகளைச் சார்புகளாலேயே எழுதும் முறையை வகுத்திருந்தார். டூரிங் அவரிடம் சென்று மாணவரானார். அம்முறையில் எழுதத்தக்க கணக்கு எதனையும் தம் பொறி செய்யும் என 1937இல் மெய்ப்பித்தார்.

ஒரு கணிப்பொறி, மென்பொருளின் துணையால் வேறொரு பொறியைப்போல் இயங்குவதே மெய்நிகர் பொறி எனப்படும். மதிப்பு எண்ணா, பட்டியலா என்பதை இயங்கும்போதே கண்டறியும் எர்லாங் போன்ற சார்பு மொழிகளை, இன்று அத்தகைய பொறியின் கட்டளைகளாக மொழிபெயர்த்து இயக்குகின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் பகைவரின் மறைமொழியை உடைத்து நாட்டைக் காக்க உதவியவர் டூரிங். அவரையே, தன்பால் விழைவைக் குற்றமெனக் கருதிய சட்டம் 1952இல் தண்டித்தது. 1954ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அரசியாரின் மன்னிப்பு 2013இல்தான் வந்தது. அவர் எண்ணிய பொறியோ, அதற்குள் உலகெங்கும் இயங்கத் தொடங்கிவிட்டது.