மானமும் மன்னிப்பும்
(கோபாலகிருஷ்ண கோகலேயின் வாழ்க்கையிலிருந்து)

அகங்காரத்தை விடு என்று நம் பெரியோர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சந்நியாசிக்கு அது சரி. குடும்பம், உத்தியோகம், பொதுக்காரியம் என்று நாலு பேர் நடுவில் வாழ்கிற கிருஹஸ்தன் அதை எப்படி விடுவது? மானம் வேண்டும், கர்வம் கூடாது. முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசை வேண்டும், பேராசை கூடாது. இரண்டும் ஒரே மனதில்தான் குடியிருக்கின்றன. இவற்றோடு சமாதானமாக வாழ்வது எப்படி என்பதற்கு வழிகாட்டியாக, நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். காந்திஜி தமது அரசியல் குருவாக ஏற்ற கோபாலகிருஷ்ண கோகலேதான் அவர்.

இளமை

கோகலே 1866-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி, இன்றைய மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் கோட்லுக் என்ற கிராமத்தில், சித்பாவன பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போனார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார்.

மாணவராக இருந்தபோது ஒரு நண்பர் அவரை நாடகத்துக்கு அழைத்துப்போய், பிறகு டிக்கெட் காசைக் கேட்டாராம். கோகலே மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டார். அண்ணனிடம் கூடுதலாகக் கேட்க மனம் வரவில்லை. விளக்கெண்ணெய்ச் செலவை மிச்சம் பிடித்து, தெருவிளக்கில் படித்து அந்தக் கடனை ஈடுகட்டினார் என்பார்கள். யாரிடமும் தாழ்ந்து நிற்கக் கூடாது, எதிலும் பின்தங்கக் கூடாது என்கிற ரோஷம் அவருடைய ரத்தத்திலேயே இருந்தது.

1884-இல் பட்டம் பெற்றார். ஐ.சி.எஸ்., வக்கீல் தொழில் என்று வழிகள் திறந்திருந்த காலம். அவரோ திலகரும் அகர்கரும் நடத்திவந்த புனே நியூ இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்ந்தார். டெக்கான் கல்விச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராகி, ஃபெர்குசன் கல்லூரியில் கணிதமும் ஆங்கிலமும் சரித்திரமும் கற்பித்தார். 1902-இல் ஓய்வு பெற்றபோது அவருக்குக் கிடைத்த பென்ஷன் மாதம் 30 ரூபாய்.

குரு கிடைத்தார்

இருபது வயதைத் தாண்டிய சமயத்தில் கோகலேவுக்கு மகாதேவ கோவிந்த ரானடேயின் தொடர்பு ஏற்பட்டது. நீதிபதியான ரானடே, இளைஞரின் கட்டுரைகளைத் திருப்பித் திருப்பி எழுதவைத்தார். ஒரு புள்ளிவிவரம் தவறினாலும் விடமாட்டார்.

அந்தக் குருவிடம் கற்ற பெரிய பாடம் ஒன்றைக் கோகலே பின்னாளில் தாமே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு ரயில் பயணத்தின்போது ரானடே தம் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறங்கி, பக்கத்துப் பெட்டியில் இருந்த நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் போனபோது, ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருடைய படுக்கையைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் படுத்திருந்தார். ரானடே ஒன்றும் சொல்லாமல் வேறு இடத்தில் அமர்ந்து வந்தார். அவமதிக்கப்பட்டவர் ஹைகோர்ட் நீதிபதி என்பதை அந்த அதிகாரி பிறகு தெரிந்துகொண்டு, புனே ஸ்டேஷனில் வருத்தம் தெரிவிக்க வந்தார். ரானடே முகம் கொடுக்காமல் நடந்துவிட்டார்.

கோகலேவுக்கு மனம் கொதித்தது. நடவடிக்கை எடுக்கப்போகிறீர்களா என்று மறுநாள் குருவைக் கேட்டார். ரானடே மறுத்தார். நம்மில் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கிவைத்திருப்பவர்களை நாம் இதைவிட மேலாகவா நடத்துகிறோம் என்று திருப்பிக் கேட்டார். அவமானத்தைப் பிறர்மீது பாயும் அம்பாக்காமல், தன்னையே பார்க்கும் கண்ணாடியாக்கிக்கொண்டார் குரு. சிஷ்யருக்கும் அந்தச் சோதனை விரைவில் வந்தது.

1897-ஆம் ஆண்டுச் சோதனை

இந்தியாவின் நிதி நிலையை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல 1897-இல் கோகலே லண்டன் சென்றார். சுரேந்திரநாத் பானர்ஜி, தின்ஷா வாச்சா, நம் சென்னை ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோரும் சாட்சியம் அளித்தனர். கோகலேவுக்கு அப்போது வயது 30. வழியில் கலே துறைமுகத்தில் தடுக்கி விழுந்து மார்பில் பலத்த அடி. உடன் வந்தவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வலியை மறைத்துவிட்டார். வாச்சாவுக்கு அது தெரியவந்தபோது உடல்நிலை மோசமாகியிருந்தது. இருந்தும் கமிஷனின் குறுக்கு விசாரணையில் சளைக்காமல் பதில் சொல்லிப் பெரும்பெயர் பெற்றார்.

அந்தப் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. புனேயில் அப்போது பிளேக் நோய். நோயாளிகளைத் தேட வெள்ளைக்காரப் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பெண்களை அவர்கள் மானபங்கம் செய்ததாக நண்பர்கள் கோகலேவுக்குக் கடிதம் எழுதினார்கள். நெஞ்சு கொதித்த அவர் அந்தச் செய்தியை மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் பரபரப்பு. பம்பாய் அரசு உடனே மறுத்தது. ஜூன் 22-ஆம் தேதி புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். ஜூலை கடைசியில் திலகர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்.

கோகலே திரும்பி வந்தபோது, பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலுக்கே வந்து போலீஸ் கமிஷனர் விசாரித்தார். கடிதம் எழுதிய நண்பர்களின் பெயரைச் சொல்லியிருந்தால் தம் பாரம் குறைந்திருக்கும். ஆனால் நாடு இருந்த நிலையில் அவர்கள் சிறைக்குப் போக நேரலாம். கோகலே பெயரைச் சொல்லவில்லை. குற்றச்சாட்டை நிரூபிக்க யாரும் முன்வரவும் இல்லை. ஆதாரம் இல்லாத பழியை வாபஸ் பெறுவதுதான் தர்மம் என்று முடிவு செய்தார். ரானடே, பெரோஸ்ஷா மேத்தா ஆகியோரைக் கலந்துகொண்டு, கவர்னரிடமும் பிளேக் கமிட்டியினரிடமும் படைவீரர்களிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு அறிக்கை வெளியிட்டார்.

தேசமே சீறியது. கோழை என்றார்கள், முதுகெலும்பில்லாதவர் என்றார்கள். அந்த டிசம்பரில் அமராவதியில் கூடிய காங்கிரஸில் அவரை மேடையேற்ற நண்பர்களே தயங்கினார்கள். ரோஷத்தில் பிறந்து ரோஷத்தில் வளர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

அவர் செய்தது சரியா என்று இன்றும் கேட்கலாம். வீடுகளில் சோதனை என்ற பெயரில் மக்கள் பட்ட துன்பம் பொய்யல்லவே, ஒரு சொல்லாவது அதற்கு இடம் வைத்திருக்கலாமே என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கோகலே பார்த்தது வேறு கணக்கு. தாம் சொன்னதற்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பதே அவருடைய கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தபின் பாதி மன்னிப்பு, முக்கால் மன்னிப்பு என்று பேரம் பேச அவர் மனம் ஒப்பவில்லை.

டைரியில் ஒரு பக்கம்

அவமானப்பட்டவர் மூலையில் உட்காரவில்லை. புனேயில் மறுபடி பிளேக் பரவியபோது தொண்டராக நோயாளிகளிடையே சென்றார்.

1898 பிப்ரவரியில் தம் டைரியில் சில சங்கல்பங்களை எழுதினார். ஸ்ரீகுரு தத்தாத்ரேயரின் கிருபையை வேண்டித் தொடங்கும் அந்தப் பட்டியலில் யோகப் பயிற்சி உண்டு. சரித்திரம், தத்துவம், வானசாஸ்திரம், பிரெஞ்சு மொழி உண்டு. பம்பாய் சட்டசபையிலும், வைசிராயின் சட்டசபையிலும், பிரிட்டிஷ் பார்லிமென்டிலும்கூட இடம் பெறவேண்டும் என்ற ஆசையும் உண்டு. எல்லாவற்றையும் தேசத்தின் நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், உயர்ந்த தத்துவத்தை உபதேசிக்கும் நிலையை அடைய வேண்டும் என்றும் எழுதினார்.

ஒரே பக்கத்தில் பக்தியும் பதவி ஆசையும்! கபடம் இருந்தால் ஆசையை மறைத்து வைராக்கியத்தை மட்டும் எழுதியிருப்பார். கோகலே தம் ஆசையைக் கண்டு வெட்கப்படவில்லை. அதைத் துரத்தவும் இல்லை. குதிரையை நுகத்தில் பூட்டுவதுபோல அதைத் தேசக் காரியத்தில் பூட்டினார்.

அந்தக் குதிரை வெகுதூரம் ஓடியது. பம்பாய் சட்டசபைக்கும், 1902-இல் வைசிராயின் சட்டசபைக்கும் சென்றார். மக்கள் வறுமையில் வாடும்போது கஜானாவில் உபரி காட்டுவது பெருமையல்ல என்று தம் முதல் பட்ஜெட் உரையிலேயே புள்ளிவிவரங்களோடு வாதாடினார். அடுத்த ஆண்டு உப்பு வரி குறைந்தது. 1905-இல் காசி காங்கிரஸுக்கு அவரே தலைவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் மேடையேறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்தான் அவர்.

ஆறாத காயம்

எல்லா முரண்பாடுகளும் இப்படிச் சீராகத் தீர்ந்துவிடவில்லை. சிறு வயதில் மணந்த மனைவி தீராத சரும நோயால் அவதிப்பட்டார். குடும்பத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அவர் உயிரோடு இருக்கும்போதே கோகலே இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். சீர்திருத்தம் பேசும் ரானடேயின் சிஷ்யர் செய்த காரியம் இது என்று விமரிசனம் எழுந்தது. அவர் சமாதானம் சொல்லித் தம்மை நியாயப்படுத்தவில்லை. சமூகச் சீர்திருத்த மேடைகளில் முன்னணியில் நிற்க அவர் தயங்கியதற்கு இதுவே காரணம் என்று அவரை அறிந்தவர்கள் கருதினார்கள்.

ஏழு பிரதிக்ஞைகள்

1905 ஜூன் 12-ஆம் தேதி புனேயில் பாரத ஊழியர் சங்கத்தைக் கோகலே தொடங்கினார். அதில் சேர்பவர்கள் ஏழு பிரதிக்ஞைகள் எடுக்க வேண்டும். தனக்கென்று பணம் சம்பாதிக்கமாட்டேன், ஜாதி மத பேதமின்றி இந்தியர் அனைவரையும் சகோதரராகக் கருதுவேன் என்பவை அவற்றில் சில. யாரோடும் சொந்தச் சச்சரவில் ஈடுபடமாட்டேன் என்பதும் ஒன்று. பொதுக்காரியம் கெடுவது பெரும்பாலும் கொள்கையாலல்ல, சொந்த மனத்தாங்கலால்தான் என்பதைப் புனேயின் கட்சிச் சண்டைகளில் அவர் கண்கூடாகக் கண்டவர்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1907-இல் வேலையை விட்டு இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். கோகலேவுக்குப் பின் சங்கத்தின் தலைவரானவரும் மகாகனம் சாஸ்திரியார்தான்.

தொட்டால் சுருங்கும் மனம்

பிரதிக்ஞை எடுத்ததால் சுபாவம் மாறிவிடவில்லை. 1902-இல் கல்கத்தாவில் காந்திஜி ஒரு மாதம் அவரோடு தங்கியிருந்தார். எங்கே போனாலும் கோகலே குதிரைவண்டியில் போவதைப் பார்த்து, டிராமில் போகக் கூடாதா என்று கேட்டுவிட்டார். கோகலேவுக்குச் சுருக்கென்றது. சுகத்துக்காக அல்ல, எல்லோருக்கும் தெரிந்த முகமாகிவிட்டால் டிராமில் போவது எளிதல்ல என்று விளக்கினார். மனம் புண்பட்டதை மறைக்கவும் இல்லை, கேட்டவர்மேல் வன்மம் வைக்கவும் இல்லை.

அதே காந்திஜிக்காக 1912-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். ஒப்பந்தக் கூலிகளாகப் போய் அங்கேயே தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. அவர்களில் தமிழர்கள் ஏராளம். வரி நீக்கப்படும் என்று அமைச்சர்களிடம் உறுதி பெற்றதாகக் கோகலே நம்பினார். காந்திஜிக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் சந்தேகப்பட்டதுபோலவே நடந்தது. தாம் ஏமாந்ததைப் பற்றி விளக்கம் எழுதிக்கொண்டிருக்காமல், நீரிழிவு நோயோடு ஊர் ஊராகச் சென்று 1913 சத்தியாக்கிரகத்துக்கு நிதி திரட்டினார் கோகலே. 1914-இல் வரி நீங்கியது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு கொடுக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை.

கடைசி நாட்கள்

சூரத் காங்கிரஸில் 1907-இல் பிளந்த இரு தரப்பையும் சேர்க்க 1914 இறுதியில் ஒரு முயற்சி நடந்தது. அதில் கோகலேவுக்கும் திலகருக்கும் மீண்டும் கசப்பு மூண்டது. அந்த வருத்தத்தோடுதான் 1915 பிப்ரவரி 19-ஆம் தேதி, 48-ஆம் வயதில் கோகலே காலமானார். செய்தி கேட்டுப் புனே திரும்பிய திலகர் மயானத்துக்கு வந்தார். சிதையருகே நின்று கோகலேயின் தொண்டைப் போற்றி, அவரைப் பின்பற்றும்படி கூடியிருந்தவர்களைக் கேட்டுக்கொண்டார். கால் நூற்றாண்டு வாதம் செய்தவர் எதிராளியின் மனத்தூய்மையில் சந்தேகம் கொள்ளவில்லை.

கோகலே அகங்காரத்தை வென்ற ஞானி என்று சொல்ல முடியாது. கடைசிவரை ரோஷமும் இருந்தது, புண்படும் மனமும் இருந்தது. ஆனால் அவை தம்மிடம் இருப்பதை அவர் அறிந்திருந்தார். தப்பு என்று தெரிந்த இடத்தில் தலைகுனிந்தார். குனிந்த இடத்திலேயே கிடக்காமல் எழுந்து வேலையைப் பார்த்தார்.

நம் வீடுகளில் சம்பந்தி மரியாதை குறைந்தது என்றும், சங்கங்களில் அழைப்பிதழில் பெயர் விட்டுப்போயிற்று என்றும் எத்தனை வருஷத்து மனஸ்தாபங்கள் நீள்கின்றன! இரண்டு பக்கமும் நல்லவர்களே; யார் முதலில் பேசுவது என்பதுதான் தடை. அப்படிப்பட்ட ஒரு மனஸ்தாபம் நம்மில் யாருக்காவது இருந்தால், முதல் வார்த்தை நம்முடையதாக இருக்கட்டும். அதனால் நம் மானம் குறையாது என்பதற்குக் கோகலேயின் வாழ்க்கையே சாட்சி.