காற்றோடும் வெளிச்சத்தோடும் வீடு கட்டிய ஜெப்ரி பாவா

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு முதல் 30 காற்றாலைகள் சுழன்று கொண்டிருக்கின்றன. சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் இக்கரையில் காற்றுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும், அண்மைக் காலத்தில் இங்கு எழுந்த பல வீடுகளுக்குள் அந்தக் காற்று நுழைவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், போரினால் பலமுறை இடம்பெயர்ந்த தமிழரும், 2009இல் போர் முடிந்த பின்னர் பெருமளவில் தமது ஊர்களுக்குத் திரும்பினர். எருக்கலம்பிட்டியிலும் விடத்தல்தீவிலும் சிலாவத்துறையிலும் மீண்டும் வீடுகள் எழுந்தன. கையிலிருந்த பணத்துக்கும் கிடைத்த உதவிக்கும் ஏற்பக் கட்டப்பட்ட அவற்றுள் பல, சிமெந்துக் கற்சுவரும் சிறிய யன்னலும் தகட்டுக் கூரையும் கொண்டவை. பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகலில் அவற்றினுள் இருப்பதைவிட வெளியே வேப்ப மர நிழலில் இருப்பதே சுகம்.

வீட்டுக்கும் வெளிக்கும் உள்ள இந்தப் பகைமையைப் போக்குவதையே தமது வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். அவரே கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா. அவருடைய பெயர்பெற்ற கட்டடங்களுள் பெரும்பாலானவை தெற்கிலும் மேற்கிலும் உள்ளன. எனினும் அவருடைய வாழ்வை அறிவது மன்னார்க் கரையில் வீடு கட்டுவோருக்கும் பயன் தருவதாகும்.

ஜெப்ரி பாவா 1919 ஜூலை 23ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் வில்லியம் பாவா புகழ்பெற்ற வழக்கறிஞர். முஸ்லிம் வழியும் ஐரோப்பிய வழியும் கலந்த குடும்பத்தவர். தாயார் பேர்த்தா பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பல இனங்களும் சந்தித்த இக்குடும்பத்தின் இளைய மகனான பாவா, நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தார். கொழும்பு றோயல் கல்லூரியில் கற்ற பின்னர் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனில் சட்டமும் பயின்றார். நாடு திரும்பிச் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கினாரெனினும், அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. தாயாரும் மறைந்த பின்னர் நீதிமன்றத்தை விட்டு நீண்ட உலகப் பயணம் மேற்கொண்டார்.

இத்தாலியில் ஒரு தோட்ட மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணினார். அந்த முயற்சி கைகூடாததால் தாயகம் திரும்பி, 1948இல் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் கைவிடப்பட்ட நிலையிலிருந்த ஓர் இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதற்கு லுணுகங்கை எனப் பெயரிட்டார். உப்பு ஆறு என்பது இதன் பொருள். ஏரியும் அதற்கப்பால் உள்ள விகாரையும் வீட்டிலிருந்தே தெரியும்படி இடையிலிருந்த மேட்டைத் தாழ்த்தினார். மரங்களை வெட்டிப் பார்வைக்கு வழி திறந்தார். வேறிடங்களில் புதிய மரங்களை நட்டு நிழல் சேர்த்தார். நிலத்தைத் திருத்துவதில் ஆசை பெருகப் பெருக, தொழில்நுட்ப அறிவு தம்மிடம் போதாது என்பதை அவர் உணர்ந்தார். இலண்டன் சென்று முறையாகப் பயின்று, 1957இல் கட்டடக்கலைஞராகத் தகைமை பெற்றபோது அவருக்கு வயது 38. பலர் தமது தொழிலில் நிலைபெற்றுவிட்ட வயதில் அவர் புதிதாகத் தொடங்கினார்.

அவர் தொழில் தொடங்கிய காலத்தில் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவியது. உருக்கும் கண்ணாடியும் இறக்குமதி செய்வது கடினமாயிற்று. பிறர் இதனைத் தடையாகக் கண்டனர். பாவாவோ உள்நாட்டு ஓட்டையும் மரத்தையும் கருங்கல்லையும் நாடினார். கொழும்பில் எனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் அவர் கட்டிய வீடு இதற்குச் சான்று. சிறிய நகரக் காணியில் வெளிச்சுவரை மூடி, நடுவே பெரிய முற்றத்தை அமைத்து, அறைகளையெல்லாம் அதனை நோக்கித் திறந்தார். வெயிலும் மழையும் முற்றத்துக்கு வந்தன. வீட்டாருக்கு மறைவும் குளிர்ச்சியும் கிடைத்தன. சிங்களப் பிரபுக்களின் வளவு வீடுகளிலிருந்தும் ஒல்லாந்தர் கால முற்ற வீடுகளிலிருந்தும் அவர் கற்றுக்கொண்ட முறை இது. எமது நாற்சார் வீட்டின் தத்துவமும் இதுவே.

கூரை அமைப்பிலும் அவருடைய அலுவலகம் எளிய வழியொன்றைக் கையாண்டது. நெளிந்த சிமெந்துத் தகட்டின் மேல் அரைவட்ட மண் ஓடுகளைப் பரப்பினர். தகடு ஒழுக்கைத் தடுத்தது. ஓடு வெப்பத்தைத் தணித்தது. அக்காலத் தகடுகளில் கலந்திருந்த கல்நாரின் தீங்கு இன்று நன்கு அறியப்பட்டதாகையால் அதே பொருளை நாம் நாட வேண்டியதில்லை. ஆனால் தகட்டின் மேல் ஓடு போர்த்தும் முறை, தகட்டுக் கூரையின் கீழ் வெந்து கிடக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

பாவாவின் சாதனைகளில் தமிழருக்கும் பங்குண்டு. 1967 முதல் அவருடைய நிறுவனப் பங்காளியாக விளங்கியவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே எழுப்பப்பட்டு 1982இல் திறந்து வைக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுரப் பாராளுமன்றம் இவ்விருவரின் கூட்டுழைப்பில் உருவானதாகும். தமிழ்நாட்டிலும் பாவா பணியாற்றினார். 1970களில் மதுரையில் ஒரு மன்றக் கட்டடத்தை அமைத்தார். அதற்கு முன்னரே ஏழைச் சிறுவர் தொழில் கற்கும் மதுரைச் சிறுவர் நகரின் கட்டடங்களை வடிவமைத்திருந்தார்.

பாவா பெரும்பாலும் செல்வந்தருக்கும் சுற்றுலா விடுதிகளுக்குமே கட்டினார் என்ற குறை கூறப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. தம்புள்ளைக்கு அருகே கந்தளமை விடுதி கட்டப்பட்டபோது, குளமும் காடும் கெடும் என அஞ்சிப் பெரும் எதிர்ப்பும் எழுந்தது. பாறையை ஒட்டி நீண்டு கிடக்கும் அக்கட்டடத்தை இன்று கொடியும் செடியும் மூடியிருக்கின்றன. எவ்வாறாயினும், முற்றமும் திண்ணையும் தாழ்வாரமும் பணக்காரரின் சொத்து அல்ல. அவை எளியோர் வீட்டிலும் இருந்தவை. அவசர காலக் கட்டடங்களில் நாம் கைவிட்டவை.

2001இல், முஸ்லிம் சமூகங்களின் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வழங்கப்பட்டபோது, பாவாவுக்கு வாழ்நாட் சாதனைக்கான தலைவர் விருது கிடைத்தது. அதே சிறப்பை 1980இல் பெற்றவர், மண் கல்லால் ஏழைகளுக்கு வீடு கட்டிய எகிப்தியக் கலைஞர் ஹசன் பாத்தி என்பது குறிப்பிடத்தக்கது. சிரியாவின் அலெப்போ கோட்டையில் அவ்விருது விழா நடைபெற்றபோது பாவா நோயுற்றிருந்தார். 1998இல் ஏற்பட்ட பக்கவாதம் அவரைச் செயலிழக்கச் செய்திருந்தது. 2003 மே 27ஆம் திகதி அவர் காலமானார். ஐம்பதாண்டு காலம் தாம் திருத்தித் திருத்தி வளர்த்த லுணுகங்கைத் தோட்டத்திலேயே அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது.

மன்னாரில் திரும்பி வந்தோரின் பிள்ளைகள் இப்போது தமக்கென வீடு கட்டத் தொடங்கியுள்ளனர். பள்ளிவாசல் நிருவாகங்களும் தேவாலயச் சபைகளும் பிரதேச சபைகளும் அவர்களுக்கு ஆலோசனை கூறும் இடத்தில் உள்ளன. சோளகம் வரும் திசையில் ஒரு யன்னல், மேற்கு வெயிலை மறிக்க ஒரு தாழ்வாரம், நடுவே சிறு முற்றம், அத்திவாரம் வெட்டும் நாளிலேயே நடும் ஒரு வேம்பு ஆகியவை பெருஞ் செலவு பிடிப்பவை அல்ல. சுவர் எழுந்த பின்னர் யோசிப்பதைவிட, காணியில் கயிறு பிடிக்கும் நாளிலேயே இவற்றை யோசிப்பது நன்று.