காந்தி அடிகளும் கால் தேய்க்கும் கல்லும்

அது ஒரு சிறு கல். சொரசொரப்பான கல். சந்தையில் வைத்தால் நாலு காசுக்குக் கூடப் போகாது. ஆனால் அந்தக் கல்லைத் தேடி ஓர் இளம்பெண், கலவரம் நடந்த கிராமங்களின் வழியே தன்னந்தனியாக நடந்து போனாள். அவளை அனுப்பியவர் காந்தி அடிகள்.

கேவலம் ஒரு கல்லுக்காகவா இப்படிச் செய்தார்? அது சாதாரணக் கல் அல்ல. அவர் கால் தேய்க்கும் கல். வாழ்நாள் எல்லாம் நடந்தவர் காந்தி அடிகள். கால்களின் அருமை அவருக்குத் தெரியும்.

நடக்கப் பழகிய சிறுவன்

காந்தி அடிகள் 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கூச்சம் மிகுந்த பையன். விளையாட்டில் நாட்டம் இல்லை. ஆனால் திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பது உடம்புக்கு நல்லது என்று புத்தகத்தில் படித்தார். உடனே நடக்கத் தொடங்கிவிட்டார்.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனார். செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஏறாமல் நடந்தே போனார். தினமும் 8 மைல், 10 மைல் நடப்பார். காசும் மிச்சம், உடம்பும் உறுதி. இங்கிலாந்தில் நோய்நொடி இல்லாமல் இருந்ததற்கு இந்த நடையே காரணம் என்று பின்னர் தம் சுயசரிதையில் எழுதினார்.

செருப்பு தைத்த பாரிஸ்டர்

1893-ல் அவர் தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே இந்தியர்களின் உரிமைக்காகப் போராடினார். போராட்டத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்குவதற்காக, 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. தமிழ்க் குடும்பங்களும் அதில் இருந்தன.

பண்ணையில் இருந்து ஜோகன்னஸ்பர்க் நகரம் 21 மைல். சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். இது பண்ணையின் சட்டம். இரவு 2 மணிக்கு எழுந்திருப்பார்கள். இரண்டரை மணிக்குப் புறப்படுவார்கள். ஆறு, ஏழு மணி நேரத்தில் நகரத்தை அடைவார்கள்.

இவ்வளவு தூரம் நடக்கிறவர்களுக்கு நல்ல செருப்பு வேண்டாமா? பண்ணை நிலத்தைக் கொடுத்த நண்பர் காலன்பாக், கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்றுக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்தி அடிகள் கற்றார். பிறகு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

செருப்புத் தைப்பதை இழிவாக நினைத்த காலம் அது. பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் கையில் தோலும் ஊசியும் எடுத்தார்! தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்சுக்கும் ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல ஆண்டுகள் அணிந்தார். 1939-ல் காந்தி அடிகளின் 70-வது பிறந்த நாளையொட்டி அதை மரியாதையுடன் திருப்பி அனுப்பினார்.

கெண்டைக்கால் தந்த பாடம்

இத்தனை நடந்தவரும் ஒருமுறை தவறு செய்தார்.

1914-ம் ஆண்டு அவர் 14 நாள் உண்ணாவிரதம் இருந்தார். இழந்த பலம் திரும்பி வரவில்லை. அதற்குள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கப்பல் தளத்தில் வழக்கம்போல் வேகமாக நடக்க முயன்றார். கெண்டைக்காலில் வலி எடுத்தது. லண்டன் சேர்ந்தபோது வலி முன்னிலும் அதிகம்!

டாக்டர் ஜீவராஜ் மேத்தா அவரைச் சோதித்துப் பார்த்தார். பிற்காலத்தில் குஜராத்தின் முதல் முதல்-மந்திரி ஆனவர் இவர்தான். சில நாட்கள் முழு ஓய்வு எடுக்காவிட்டால், நிரந்தரமாக நடக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

பலம் குன்றிய உடம்பை விரட்டக்கூடாது. வலி என்பது கால் கொடுக்கும் எச்சரிக்கை. அதைக் கேட்டு நிற்கத் தெரிந்தவனே மறுபடி நடக்க முடியும். இந்தப் பாடத்தைக் காந்தி அடிகள் வலியோடு படித்தார்.

குதிரை வேண்டாம்!

1930 மார்ச் 12. உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சபர்மதி ஆசிரமத்தில் இருந்து 78 தொண்டர்களுடன் தண்டிக் கடற்கரைக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 240 மைல். அவருக்கு வயது 60 முடிந்திருந்தது.

பயணம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. ஒரு நாளைக்குச் சராசரி 10 மைல். காலையில் பாதி, மாலையில் பாதி. திங்கட்கிழமை ஓய்வு. அதிகச் சுமை கிடையாது. கையில் மூங்கில் தடி. கிராம மக்கள் பாதையில் தண்ணீர் தெளித்து, இலைகளைப் பரப்பி வைத்தார்கள்.

ஆனாலும் சில தொண்டர்கள் களைத்துவிட்டார்கள். கால் புண்ணாகி, மாட்டு வண்டியில் ஏறினார்கள். காந்தி அடிகளுக்காக ஒரு குதிரை கூடவே வந்தது. அதில் அவர் ஏறவே இல்லை! ஏப்ரல் 5-ந் தேதி தண்டியை அடைந்தார். நாள் தவறாமல் நடந்து பழகிய கால்கள் அவரைக் கைவிடவில்லை.

வெறுங்கால் யாத்திரை

1946 அக்டோபரில் வங்காளத்தின் நவகாளி மாவட்டத்தில் பயங்கரக் கலவரம் மூண்டது. இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. பலர் கொல்லப்பட்டார்கள். வீடுகள் தீக்கு இரையாயின. இந்துக்களும் முஸ்லிம்களும் மீண்டும் ஒன்றாக வாழ வேண்டும் என்று சொல்ல, நவம்பரில் காந்தி அடிகள் அங்கே போனார்.

நவகாளியில் வாய்க்கால்கள் அதிகம். அவற்றைக் கடக்க மூங்கில் பாலம்தான் உண்டு. கால் வழுக்கினால் தண்ணீரில் விழ வேண்டியதுதான். காந்தி அடிகள் முதலில் தாழ்வான ஒரு பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினார். 77 வயதில் மூங்கிலில் நடக்கப் பயிற்சி!

1947 ஜனவரி 2-ந் தேதி கிராமம் கிராமமாக நடக்கத் தொடங்கினார். இது தீர்த்த யாத்திரை போன்றது என்று கருதினார். ஆகவே சில நாட்களில் செருப்பையும் கழற்றிவிட்டார். குளிர்காலம், பனியில் நனைந்த ஒற்றையடிப் பாதை. அவர் வருவதை விரும்பாத சிலர், வழியில் முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் அசுத்தத்தையும் போட்டு வைத்தார்கள். கால் கிழிந்து இரத்தம் கசிந்தது. அவர் யாரையும் கோபிக்கவில்லை.

கூட இருந்து பணிவிடை செய்தவள் பேத்தி முறையான மனு. அவர் காலைக் கழுவி, தேய்த்து விடுவது அவள் வேலை. அதற்குத்தான் அந்தக் கல். மீராபென் கொடுத்த கல் அது. பல ஆண்டுகளாக அவருடனேயே வந்தது.

தொலைந்த கல்

ஜனவரி 15-ந் தேதி நாராயண்பூர் என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மனு கல்லைத் தேடினாள். காணோம்! முந்தின ஊரில், தங்கிய வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

காந்தி அடிகள், அவளே திரும்பிப் போய் எடுத்து வர வேண்டும் என்றார். துணைக்கு யாராவது வரட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தென்னையும் பாக்கும் அடர்ந்த தோப்பு. வழி தெரியாத ஊர். மனு இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அந்த வீட்டுக் கிழவி, ஏதோ கல் என்று வெளியே எறிந்துவிட்டாள். மனு தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். பகலில் திரும்பி வந்து, கல்லை அவர் முன் வைத்து அழுதாள். அவர் சிரித்தார். இது அவளுக்கு வைத்த பரீட்சை, அதில் அவள் தேறிவிட்டாள் என்றார்.

இது கடுமையான பரீட்சைதான். ஆனால் கவனக்குறைவு சிறு பொருளில்தான் தொடங்குகிறது என்பது அவர் கொள்கை. அந்தக் கல்லிலும் ஒரு பொருள் இருக்கிறது. நடந்து நடந்து குதிகால் தோல் தடிக்கும். தடித்த தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பு வழியே கிருமி நுழையும். காலைக் கழுவி, மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்து, எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. நாளைய நடைக்கு இன்றே கால் தயாராகும்.

வெறுங்காலில் நடந்தது அவர் ஏற்றுக்கொண்ட விரதம். மற்றவர்களுக்கு அவர் தைத்துக் கொடுத்தது செருப்பு! இதை மறக்கக்கூடாது. முக்கியமாக, நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக்கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். புண் தென்பட்டால் கல்லால் தேய்க்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடைசி நடை

மார்ச் 2-ந் தேதி காந்தி அடிகள் நவகாளியை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் 47 கிராமங்கள், 116 மைல் நடந்து முடித்திருந்தார்.

1948 ஜனவரி 30. டெல்லியில் மாலைப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. மனுவின் தோளிலும் ஆபாவின் தோளிலும் கை வைத்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தார். வழியில் குண்டுகள் பாய்ந்தன. நடந்துகொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

கல்லைத் தேடி நடந்த மனுதான், அந்தக் கடைசி நடையிலும் அவர் பக்கத்தில் இருந்தாள்.