முதல் ஊசி தமக்கே

பெங்களூரின் பிரேசர் டவுன் கொள்ளைநோயின் துயரத்திலிருந்து பிறந்த ஊர். 1898-இல் ஹூப்ளியிலிருந்து ரயில் வழியாக பிளேக் நோய் பெங்களூரை எட்டியது. நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். அதன்பின், காற்றும் வெளிச்சமும் நிறைந்த, எலிகள் வளை தோண்ட இயலாத அடித்தளம் கொண்ட வீடுகளுடன் ஒரு புதிய குடியிருப்பு திட்டமிடப்பட்டது. 1910-இல் திறக்கப்பட்ட அதற்கு, மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் சூட்டப்பட்டது.

அந்நோயை எதிர்க்க அன்று இருந்த மற்றோர் ஆயுதம் தடுப்பூசி. அதனைத் தந்தவர் வால்டெமர் ஹாஃப்கின் என்னும் யூத விஞ்ஞானி.

1860-ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் அவர் பிறந்தார். யூதர்களின் இல்லங்களைக் கலகக் கும்பல்கள் சூறையாடிய நாட்களில், தம் மக்களைக் காக்க முன்னின்று காயமுற்றார், சிறையும் கண்டார். மதம் மாறினால் உயர்பதவி கிட்டும் என்ற நிலையிலும் தம் சமயத்தைத் துறக்கவில்லை. பின்னர் பாரிஸ் சென்று, பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தார். அங்கேயே ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1892-இல் காலராவுக்குத் தடுப்பூசி கண்டார். அதனை முதலில் செலுத்திக்கொண்டவர் அவரே. 1893-இல் இந்தியா வந்து, கல்கத்தாவின் சேரிகளிலும் வட இந்திய ஊர்களிலும் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசியிட்டார்.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, அரசு அவரை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் இரவும் பகலும் உழைத்தார். மூன்றே மாதங்களில் மருந்து உருவானது. 1897 ஜனவரி 10 அன்று, பிறருக்குப் பின்னர் தரப்பட்ட அளவைவிட மிகுதியான மருந்தைத் தம் உடலிலேயே செலுத்தச் செய்தார். காய்ச்சலும் வலியும் வாட்டின, பொறுத்துக்கொண்டார். அதன்பின்னரே, தாமாக முன்வந்த பிறருக்கு அது அளிக்கப்பட்டது.

அந்நாளில் பூனாவில் படைவீரர்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினர். மக்களின் மனம் புண்பட்டது. அந்தக் கொந்தளிப்பில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897-இல் சுடப்பட்டு மாண்டார். நோயைத் தடுக்க வந்த நடவடிக்கையே பகையை வளர்த்தது. ஹாஃப்கின் வேறு வழியில் சென்றார். ஊசியை எவர்மீதும் திணிக்கலாகாது என்பது அவர் கொள்கை. மக்களின் அச்சத்தை அவர் அறியாமை என இகழவில்லை. அவர்கள் கண்முன்னே தாமே செய்துகாட்டி அகற்ற முயன்றார். ஆகா கான் அவர்களும் தம் சமூகத்தார் காண ஊசியிட்டுக்கொண்டு துணைநின்றார்.

ஆயினும் பெரும் சோதனை ஒன்று காத்திருந்தது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசியிடப்பட்டவர்களில் 19 பேர் தசைவிறைப்பு ஜன்னியால் இறந்தனர். மருந்து தயாரித்த ஆய்வகத்தின்மீது பழி விழுந்தது. ஹாஃப்கின் பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார். மருந்துப் புட்டியைத் திறந்தபோது தரையில் விழுந்த இடுக்கி சரிவரத் தூய்மை செய்யப்படாமையே காரணம் என்று சான்றுகள் காட்டின. இருந்தும் நீதி கிடைக்க ஐந்தாண்டுகள் ஆயின. ஒருகாலத்தில் பெங்களூரில் இராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸும் வேறு அறிஞர்களும் 1907-இல் அவருக்காகக் குரல் எழுப்பினர். அவர் குற்றமற்றவர் என்பது நிலைநாட்டப்பட்டது.

அத்தகைய அவமதிப்புக்குப் பின் இந்நாட்டை மறந்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். பம்பாய் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பு திரும்பக் கிட்டவில்லை. கிடைத்த பணியை ஏற்று, ஓய்வு பெறும்வரை உழைத்தார். இறுதிக் காலத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சிறுபான்மையினராக வாழ்ந்த யூதர்களின் உரிமைகளுக்காகப் பாடுபட்டார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் செல்வத்தை யூத சமயக் கல்விக்கு அளித்து, 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மறைந்தார்.

அவர் நிறுவிய பம்பாய் ஆய்வகம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அறிவால் ஒருவர் பிறரை அடக்கியாளவும் முடியும். அவர்களுக்கு ஊழியம் செய்யவும் முடியும். துன்பத்தை முதலில் தாம் ஏற்று, பிறர் விருப்பத்தை மதித்து, இழைத்த தீங்கை மனத்தில் வைக்காமல் ஊழியம் செய்த ஹாஃப்கினின் வாழ்வு, அமைதியை நாடும் எவருக்கும் நல்வழிகாட்டியாகும்.